மூன்று பட்டை, நான்கு சதுரம், ஒரு கட்டம்

தையல் பகுதிக்கு வந்த கடிதங்களில் பலவும் ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. மிச்சத் துணிகளைப் பட்டைகளாக வெட்டி இணைத்துப் பேட்ச்வொர்க் செய்வது எப்படி என்று புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்டிருந்தார்கள். அவற்றை ஒன்றாகத் தொகுத்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். துணித் துண்டுகளை இணைத்து உருவாக்கும் சதுர வடிவத்தைத்தான் இங்கே 'கட்டம்' என்கிறேன்; கட்டங்களைச் சேர்த்தால் போர்வையாகும்.

கேள்வி: பல ஆண்டுகளாக வீட்டிலேயே ரவிக்கையும் பாவாடையும் தைத்து வருகிறேன். மிச்சத் துணி ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. பேட்ச்வொர்க் செய்ய ஆசைதான். ஆனால் படங்களில் பார்க்கும் முக்கோணங்களும் நட்சத்திரங்களும் அச்சம் தருகின்றன. எந்தக் கட்டத்தில் தொடங்கலாம்?
— வாசகி, சேலம்

பதில்: முக்கோணத்தையும் நட்சத்திரத்தையும் இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். அமெரிக்கத் தையல்காரர்கள் 'ரெயில் ஃபென்ஸ்' என்று அழைக்கும் கட்டத்தில் தொடங்குங்கள். மரத்தை நீளவாக்கில் பிளந்து, அந்தக் கட்டைகளை இப்படியும் அப்படியுமாக வளைத்து அடுக்கி வேலி போடுவது அந்நாட்டுச் சிற்றூர்களின் பழைய வழக்கம். இந்தக் கட்டத்தில் தோன்றும் படிக்கட்டுக் கோடு அந்த வேலியை நினைவூட்டுவதால் இந்தப் பெயர் வந்தது. இதில் சாய்வு வெட்டு கிடையாது, வளைவு கிடையாது. ரவிக்கைக்குக் கை ஏற்றத் தெரிந்த உங்களுக்கு இது மிகச் சிறிய வேலை.

இளநிறம், நடுநிறம், அடர்நிறம் என மூன்று பருத்தித் துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 2½ அங்குல அகலமும் 28 அங்குல நீளமும் உள்ள ஒரு பட்டையை வெட்டுங்கள். அடர்நிறப் பட்டையின் மேல் நடுநிறப் பட்டையை நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டு நீளவாக்கில் தையுங்கள். பிறகு நடுநிறப் பட்டையின் மறு ஓரத்தில் இளநிறப் பட்டையை அதே முறையில் இணையுங்கள். தைத்த பின் தேய்த்து விரித்தால் மூன்று கோடு போட்ட நீண்ட துணி ஒன்று கிடைக்கும். அதன் அகலம் 6½ அங்குலம் இருக்க வேண்டும். கணக்கு எளிது: மூன்று பட்டைகள் சேர்ந்து 7½ அங்குலம்; இரண்டு தையல்கள் ஒவ்வொன்றும் இரு பக்கமும் கால் கால் அங்குலமாக மொத்தம் ஓர் அங்குலத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அந்த நீண்ட துணியை 6½ அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டினால் நான்கு சதுரங்கள் வரும். ஓரங்களைச் சீராக்க இரண்டு அங்குலம் மிஞ்சும்.

இப்போது தரையில் இரண்டுக்கு இரண்டாக அடுக்குங்கள். மேல் வரிசையில் முதல் சதுரத்தின் கோடுகள் நின்ற நிலையில், அடர்நிறம் இடப்பக்கம் இருக்கட்டும்; அடுத்த சதுரத்தின் கோடுகள் படுத்த நிலையில், அடர்நிறம் மேல்பக்கம் இருக்கட்டும். கீழ் வரிசையில் முதலில் படுத்த சதுரம், பிறகு நின்ற சதுரம். அடர்நிறம் இருக்க வேண்டிய பக்கம் முன்போலவேதான். சரியாக அடுக்கியிருந்தால் அடர்நிறம் இடப்பக்கத்திலிருந்து கீழே இறங்கி, வலமாக நடந்து, மறுபடியும் கீழே இறங்கும். அந்தப் படி அறுபட்டுத் தெரிந்தால் ஏதோ ஒரு சதுரம் தலைகீழாக இருக்கிறது என்று பொருள். ஊசியில் நூல் கோர்ப்பதற்கு முன்பே திருத்திவிடலாம். மேல் இரண்டையும் கீழ் இரண்டையும் தனித்தனியே இணைத்து, பிறகு இரு வரிசைகளையும் சேர்த்துத் தைத்தால் 12½ அங்குலக் கட்டம் முடிந்தது.

புதியவர்களுக்கு இந்தக் கட்டத்தைச் சொல்வதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நின்ற சதுரத்தின் ஓரம் ஒரே நிறப் பட்டையாக இருக்கும். அதன்மேல் படுத்த சதுரத்தின் மூன்று பட்டை முனைகள் வந்து சேரும். ஆகவே தையலும் தையலும் நேருக்கு நேர் பொருந்த வேண்டிய இடம், நான்கு சதுரங்களும் சந்திக்கும் நடுப்புள்ளி ஒன்றுதான். மற்ற கட்டங்களில் புதியவர்களைக் கண்ணீர் விட வைப்பது இந்தப் பொருத்தும் வேலைதான். இங்கே அது ஒரே இடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு புள்ளிக்கும் ஒரு வழி இருக்கிறது: மேல் வரிசையின் தையல் ஓரத்தை (தையலுக்கு வெளியே மிஞ்சும் கால் அங்குலத் துணியை) வலப்பக்கமாகவும் கீழ் வரிசையின் தையல் ஓரத்தை இடப்பக்கமாகவும் படியத் தேய்த்தால், இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டி உட்கார்ந்துகொள்ளும், விரல் நுனியிலேயே அந்த இடம் தெரியும்.

முதல் கட்டத்தைப் போர்வையாக வளர்க்கத் தயக்கமாக இருந்தால், சுற்றிலும் 2½ அங்குலப் பட்டை வைத்து 16 அங்குல மெத்தை உறையின் முன்பக்கமாக்கிவிடுங்கள். அதற்கு 12½ அங்குல நீளத்தில் இரண்டு பட்டைகளும் 16½ அங்குல நீளத்தில் இரண்டு பட்டைகளும் போதும்.

கேள்வி: நீங்கள் சொன்ன அளவில்தான் வெட்டினேன். ஆனால் தைத்த துணி ஓர் இடத்தில் 6¼ அங்குலமும் இன்னோர் இடத்தில் 6½ அங்குலமும் இருக்கிறது. சதுரங்களைச் சேர்க்கும்போது ஒன்று நீண்டு ஒன்று குறைகிறது. வெட்டுவதில் பிழையா, தைப்பதில் பிழையா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: தைப்பதில்தான். உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு எண்களே அதைச் சொல்லிவிடுகின்றன. கால் அங்குலத்துக்குப் பதிலாக ஓர் இடத்தில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அதிகமாக உள்ளே தள்ளித் தைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவு கண்ணுக்குக்கூட சரியாகத் தெரியாது. ஆனால் ஒரு தையல் இரண்டு பட்டைகளிலிருந்தும் துணியை எடுத்துக்கொள்வதால் இழப்பு எட்டில் ஒரு பங்காகிறது. இரண்டு தையல்களுக்குக் கால் அங்குலம் போய்விடுகிறது. ஒரு வரிசையில் ஆறு சதுரங்கள் வைத்தால் ஒன்றரை அங்குலம் குறைந்து நிற்கும். உடுப்பு தைத்துப் பழகியவர்களுக்கு இது முதலில் விளங்குவதில்லை. ரவிக்கையில் பக்கத் தையல் சற்று உள்ளே போனால் பிரித்து விட்டுக்கொள்ளத் துணி இருக்கும், உடம்பும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சதுரத்துக்குச் சதுரம் பொருந்த வேண்டிய வேலையில் அந்த இளக்கம் இல்லை. அதனால்தான் தையல் தெரிந்தவர்களும் தையல் ஓரத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

கால் மிதி இயந்திரங்களில் பலவற்றில் ஊசித் தகட்டின் மேல் அளவுக் கோடுகள் இருப்பதில்லை. ஆகவே அடையாளத்தை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மெல்லிய ஸ்கேலையோ கோடு போட்ட கிராஃப் தாளையோ, துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரத்தின் பாதத்துக்கு அடியில் வைத்து, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஊசி முனை கால் அங்குலக் கோட்டைத் தொடும் வரை இறக்குங்கள். ஸ்கேலின் வலது ஓரம் எங்கே முடிகிறதோ அங்கே நான்கைந்து மடிப்பாக ஒட்டிய பிளாஸ்டர் நாடாவை நேராகப் பதியுங்கள். அது சிறு வரப்பு போல நிற்கும். துணியின் ஓரம் அந்த வரப்பை உரசிக்கொண்டே போனால் தையல் வழி மாறாது. தைக்கும்போது ஊசியைப் பார்க்காமல் அந்த வரப்பையே பார்க்க வேண்டும். சிலர் பாதத்தின் ஓரத்தையே அளவாக வைத்துக்கொள்கிறார்கள். ஊசியிலிருந்து பாதத்தின் ஓரம் சரியாகக் கால் அங்குலம்தானா என்று அளந்து பார்க்காமல் அதை நம்பாதீர்கள், பாதத்துக்குப் பாதம் அது மாறுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தையலை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்க்கும்போது அந்த மடிப்புக்கே ஓரிரு இழை அளவுத் துணி செலவாகிறது. அதனால் கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவாகத் தைப்பதுதான் சரியான அளவைத் தரும். இதைச் சோதிக்க 1½ அங்குல அகலமும் நான்கு அங்குல நீளமும் உள்ள மூன்று சிறு பட்டைகளை இணைத்துத் தேய்த்து அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலமும் மொத்த அகலம் 3½ அங்குலமும் இருந்தால் உங்கள் வரப்பு சரியான இடத்தில் இருக்கிறது. நடுப்பட்டை குறுகியிருந்தால் வரப்பை ஊசிப் பக்கமாகச் சற்றே நகர்த்துங்கள், அகன்றிருந்தால் விலக்குங்கள். என்னிடம் தையல் கற்க வருபவர்களை இந்தச் சோதனையில் தேறும்வரை நல்ல துணியைத் தொட விடுவதில்லை.

ஏற்கெனவே தைத்துவிட்ட துணியைப் பிரிக்க வேண்டாம். ரெயில் ஃபென்ஸ் கட்டத்தின் பெருந்தன்மை இதில்தான் இருக்கிறது: சதுரத்தின் அளவை நாம் முன்கூட்டி முடிவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் துணியின் மிகக் குறுகிய இடம் 6¼ அங்குலம் என்றால், எல்லாவற்றையும் ஓரம் சீராக்கி 6¼ அங்குலச் சதுரங்களாகவே வெட்டிக்கொள்ளுங்கள். ஓரப் பட்டைகள் சில இடங்களில் சற்று ஒடுங்கித் தெரியும். அதனால் கட்டத்தின் அழகு குறையாது. தைத்து, தேய்த்து, அளந்து, அதற்குப் பிறகுதான் குறுக்கே வெட்டுவது என்ற வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று பட்டைகளையும் இணைத்த பிறகு துணி வில் போல வளைந்துவிடுகிறது. தேய்த்தாலும் நேராகவில்லை. ஏன்?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: மூன்று இடங்களில் இது நேரலாம். முதலாவது, இரண்டு தையல்களையும் ஒரே முனையிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். இயந்திரத்தின் பல் கீழ்த்துணியைச் சற்று வேகமாக இழுக்கிறது, பாதம் மேல்துணியைப் பிடித்துக்கொள்கிறது. நீளமான பட்டையில் அந்த வேறுபாடு சேர்ந்து சேர்ந்து வளைவாகிறது. முதல் தையலை இந்த முனையிலிருந்து தொடங்கினால் இரண்டாவதை எதிர் முனையிலிருந்து தொடங்குங்கள். துணியை முன்னாலும் பின்னாலும் இழுத்துக்கொண்டு தைக்காதீர்கள்.

இரண்டாவது, தேய்க்கும் முறை. சட்டையைத் தேய்ப்பது போல இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் பட்டைகள் நீண்டுவிடும். முதலில் விரிக்காமல், தைத்தபடியே இருக்கும் தையல் கோட்டின் மேல் பெட்டியை வைத்து எடுங்கள். நூல் துணிக்குள் படிந்துகொள்ளும். பிறகு விரித்து, தையல் ஓரத்தை அடர்நிறப் பக்கம் சாய்த்து, பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். இளநிறத்தின் அடியில் அடர்நிற ஓரம் கிடந்தால் மேலே நிழலாகத் தெரியும் என்பதால்தான் அடர்நிறப் பக்கம் சாய்க்கச் சொல்வது.

மூன்றாவது காரணம் வெட்டில் இருக்கிறது. துணியை மடித்து வைத்து வெட்டும்போது மடிப்புக் கோட்டுக்கு வெட்டுக் கோடு செங்குத்தாக இல்லையென்றால், விரித்த பட்டையின் நடுவில் ஒரு முறிவு இருக்கும். கரைக்கு இணையாக, அதாவது பாவு நூலின் போக்கில் வெட்டிய பட்டை, ஊடையின் போக்கில் வெட்டியதைவிடக் குறைவாகவே நீளும். துணி போதுமென்றால் பாவின் போக்கிலேயே வெட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பனியன் துணி வெட்டுகள் எடைக்குக் கிடைக்கின்றன. அவற்றைப் பட்டைகளாக வெட்டிப் போர்வை தைக்கலாமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: முதல் கட்டத்துக்கு வேண்டாம். பனியன் துணி பாவும் ஊடையும் கொண்டு நெய்தது அல்ல. ஒரே நூலை வளையம் வளையமாகப் பின்னியது. அதனால் இழுத்தால் நீள்கிறது, வெட்டிய ஓரம் சுருண்டுகொள்கிறது. இரண்டரை அங்குலப் பட்டையாக வெட்டி வைத்தால் சிறிது நேரத்தில் குழாய் போலச் சுருண்டு கிடக்கும். கைப் பழக்கம் வந்த பிறகு, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸைத் துணியின் பின்பக்கம் முழுக்க ஒட்டி, அதற்குப் பிறகு பட்டையாக வெட்டினால் நெய்த துணி போலவே நடந்துகொள்ளும். அதுவரை பாப்ளின், கேம்பிரிக் போன்ற நடுத்தரப் பருத்தியிலேயே பழகுங்கள்.

கேள்வி: சக்கரம் போல உருளும் கத்தியும் அதற்கென்றே உள்ள பச்சை விரிப்பும் வாங்கினால்தான் இந்த வேலை செய்ய முடியுமா? இரண்டும் விலை அதிகமாக இருக்கிறது.
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: வாங்காமலே செய்யலாம். ரோட்டரி கட்டர் எனப்படும் அந்தக் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல்தான் கொண்டுவந்தது. அதற்கு மிக முன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வாழும் செமினோல் பழங்குடிப் பெண்கள் கையால் சுற்றும் தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, பல நிறப் பட்டைகளை நீளமாக இணைத்து, அவற்றைக் குறுக்கே சிறு துண்டுகளாக வெட்டி, சற்று இறக்கியும் ஏற்றியும் மறுபடியும் இணைத்து, பாவாடைகளிலும் மேற்சட்டைகளிலும் மிக நுண்ணிய வடிவங்களை வரவழைத்தார்கள். முதலில் தைத்துப் பிறகு வெட்டுவது என்ற, நாம் இங்கே செய்யும் அதே முறைதான் அது.

உங்களுக்கு வேண்டியது கூரிய கத்தரி, நேரான நீண்ட ஸ்கேல், நுனி சீவிய மார்க்கிங் சாக் ஆகிய மூன்றும்தான். தடித்த சாக் கோட்டின் எந்த ஓரத்தில் வெட்டுகிறோம் என்பதிலேயே ஓர் இழை இரண்டு இழை போய்விடுவதால் சாக்கை அடிக்கடி சீவிக்கொள்ளுங்கள். துணிக்கடையில் பாப்ளினைச் சிறு வெட்டு வெட்டிப் பரபரவென்று கிழித்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். நேர் இழையைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. நீங்களும் முதல் ஓரத்தை அப்படிக் கிழித்துக்கொண்டு, தேய்த்து, அந்த ஓரத்திலிருந்து அளந்து கோடு போடுங்கள். பட்டைகளையே கிழித்து எடுப்பது மட்டும் வேண்டாம். கிழிந்த ஓரம் இழுபட்டு அலையலையாக நிற்கும்.

கேள்வி: நிறங்களைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பம். தனித்தனியாக அழகாக இருந்த துணிகள் கட்டமாகச் சேர்ந்தபோது மங்கிவிட்டன. சுங்குடித் துணி பயன்படுத்தலாமா?
— வாசகி, மதுரை

பதில்: பச்சையா நீலமா என்பதைவிட எது வெளுப்பு, எது அழுத்தம் என்பதுதான் இந்தக் கட்டத்தில் முக்கியம். ஒரே அழுத்தமுள்ள சிவப்பும் பச்சையும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் படிக்கட்டுக் கோடு தெரியவே தெரியாது. மூன்று துணிகளையும் அடுத்தடுத்து வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்கள். பெரிய பூ அச்சிட்ட துணி இரண்டரை அங்குலப் பட்டையில் துண்டு துண்டாகச் சிதறிவிடும். சிறு புள்ளி, சிறு கட்டம், வெறும் நிறம் ஆகியவை நன்றாக அமையும்.

அந்த வகையில் சுங்குடியின் சிறு புள்ளிகள் இந்தப் பட்டைகளுக்கு அளந்து வைத்தாற்போல இருக்கும். சாயம் மட்டும்தான் கவலை. ஒரு முனையை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், தண்ணீரில் நிறம் இறங்குவது நிற்கும்வரை பலமுறை அலசிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் அந்தத் துணி இந்த வேலைக்கு ஆகாது. என் முதல் போர்வையில் வெள்ளையோடு ஒரு சிவப்புப் பட்டையை அலசாமல் வைத்துத் தைத்தேன்; முதல் சலவையிலேயே நாற்பது சதுரங்களுக்கு மேல் இளஞ்சிவப்பாகிவிட்டன. சாயம் போகாத துணியானாலும் பருத்தி சுருங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு சுருங்கும். எல்லாவற்றையும் அலசித் தேய்த்த பிறகே அளவெடுங்கள்.

கேள்வி: நடுவில் சிறு சதுரம் வைத்து அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளை இணைக்கும் கட்டத்தைப் பார்த்தேன். அதன் பெயர் என்ன? ரெயில் ஃபென்ஸுக்குப் பிறகு அதைச் செய்யலாமா?
— வாசகி, கோலாலம்பூர்

பதில்: அதை 'லாக் கேபின்' என்பார்கள், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடில் என்று பொருள். 1860களிலிருந்து அமெரிக்காவில் மிகவும் பரவிய வடிவம் அது. நடுச்சதுரம் சிவப்பாக இருந்தால் அது வீட்டின் கணப்பைக் குறிக்கிறது என்று சொல்வது வழக்கம். அதன் நெருங்கிய உறவான 'ஹவுஸ்டாப்' வடிவத்தை அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்து வந்திருக்கிறார்கள். அலபாமா ஆற்றின் வளைவில், பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் சிற்றூர் அது. தேய்ந்த வேலைக்காரச் சட்டை, கிழிந்த கால்சட்டை ஆகியவற்றைக் கிழித்துப் பட்டையாக்கி, குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்த அந்தப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளாக வெளியிட்டது. அவற்றின் படங்கள் கிடைத்தால் பொறுமையாகப் பாருங்கள். பட்டைகள் ஒரே அகலத்தில் இருப்பதில்லை, கோடுகள் சாய்ந்து போகின்றன. ஆனாலும் எந்த நிறம் எங்கே வர வேண்டும் என்பதில் அந்தப் பெண்களின் கண் தவறுவதில்லை. அளவு, அளவு என்று பக்கம் பக்கமாக எழுதும் நான் அவர்களின் வேலைக்கு முன் தலைவணங்குகிறேன்.

முதன்முறை செய்யும் நமக்கு அளவு துணையாக இருக்கட்டும். நடுச்சதுரம் 2½ அங்குலம். சுற்றும் பட்டைகள் 1½ அங்குல அகலம். முதல் சுற்றுக்கான நீளங்கள் வரிசையாக 2½, 3½, 3½, 4½ அங்குலம். இரண்டாம் சுற்றுக்கு 4½, 5½, 5½, 6½ அங்குலம். ஒவ்வொரு பட்டையையும் தைத்துத் தேய்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரே திசையில்தான் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டை இளநிறத்திலும் அடுத்த இரண்டை அடர்நிறத்திலும் வைத்தால் கட்டம் மூலைவிட்டமாக இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வெளிச்சமாகவும் ஒரு பாதி நிழலாகவும் தெரியும். இரண்டு சுற்று முடிந்ததும் கட்டம் 6½ அங்குலமாக நிற்கும். அது ரெயில் ஃபென்ஸ் சதுரத்தின் அளவேதான் என்பதால் இரண்டையும் ஒரே போர்வையில் கலந்து வைக்கலாம். ஆனால் ரெயில் ஃபென்ஸ் மன்னிக்கும் பிழையை லாக் கேபின் மன்னிக்காது. இதில் பட்டைகளை முன்பே நீளம் பார்த்து வெட்டிவிடுவதால், முதல் தையலில் ஏற்பட்ட வேறுபாடு கடைசிப் பட்டை வரை கூடவே வரும். ஆகவே கால் அங்குலம் கைக்குப் பழகிய பிறகு தொடங்குங்கள்.

கேள்வி: மறைந்த என் பாட்டியின் காஞ்சிபுரம் பட்டுப் புடவை பெட்டியில் இருக்கிறது. அதைப் பட்டைகளாக வெட்டிப் பேரக் குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு கட்டமாகத் தைத்துக் கொடுக்க நினைக்கிறேன். சரியா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அவசரப்படாமல் ஒரு நல்ல பகல் வெளிச்சத்தில் புடவையை முழுவதும் விரித்துப் பாருங்கள். பழைய பட்டு, ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த கோட்டில்தான் முதலில் இற்றுப்போகும். அந்தக் கோட்டின் இரு பக்கமும் விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். இழை விரிந்தாலோ கீறினாலோ அந்தப் பகுதி தையலைத் தாங்காது. உடல் உறுதியாகவும் கிழிசல் இல்லாமலும் இருந்தால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் வெட்டமாட்டேன். குடும்பத்தில் யாரேனும் ஒருத்தி அதை உடுத்துவாள்.

ஏற்கெனவே கிழிந்திருந்தால், நல்ல பகுதிகளை மட்டும் எடுத்து, பின்பக்கம் மெல்லிய கேன்வாஸை ஒட்டிய பிறகு வெட்டுங்கள். ஒட்டாமல் வெட்டினால் பட்டு ஓரம் இழை இழையாகப் பிரிந்து, கால் அங்குலத் தையல் ஓரமே கையோடு வந்துவிடும். மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, மிதமான சூட்டில் தேய்க்க வேண்டும். சரிகை உள்ள கரையைக் குறுக்கே பல துண்டுகளாக வெட்டாமல், நீளப் பட்டையாகவே கட்டத்தின் சுற்றுக் கரையாக வைத்துவிடலாம். உங்கள் நோக்கத்துக்கு லாக் கேபின் கட்டமே பொருத்தம்: நடுவில் 2½ அங்குலச் சதுரம் மட்டும் பாட்டியின் பட்டு, சுற்றிலும் புதிய பருத்திப் பட்டைகள். பேரக் குழந்தைகள் எத்தனை பேராக இருந்தாலும் உள்ளங்கை அளவுப் பட்டு ஆளுக்கொன்று கிடைக்கும். அப்படித் தைத்ததைச் சுவரில் மாட்டவோ பெட்டியில் வைக்கவோ கொடுங்கள். அடிக்கடி துவைக்கும் போர்வையாக்க வேண்டாம்.

கேள்வி: குழந்தைக்கு ஒரு போர்வை தைக்க எத்தனை கட்டம், எவ்வளவு துணி வேண்டும்? நடுவில் இலவம் பஞ்சு வைக்கலாமா?
— வாசகர், தேனி

பதில்: அகலத்தில் மூன்று, நீளத்தில் நான்கு எனப் பன்னிரண்டு ரெயில் ஃபென்ஸ் கட்டங்கள் வைத்தால் 36 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் உள்ள போர்வை வரும். அதற்கு 48 சதுரங்கள் வேண்டும். 36 அங்குல அகலமுள்ள பாப்ளினில் கரையை நீக்கிய பின் ஒரு மூன்று பட்டைத் தொகுதியிலிருந்து ஐந்து சதுரங்கள் கிடைக்கும். ஆகவே பத்துத் தொகுதிகள், அதாவது ஒவ்வொரு நிறத்திலும் பத்துப் பட்டைகள். அது 25 அங்குலத் துணி. சுருக்கத்தையும் ஓரம் சீராக்குவதையும் எண்ணி ஒவ்வொரு நிறத்திலும் முக்கால் மீட்டர் வாங்குங்கள்.

இலவம் பஞ்சு வேண்டாம். அதன் இழை குட்டையானது, வழவழப்பானது; தலையணைக்குள் நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு துணிகளுக்கு நடுவே பரப்பினால் நகர்ந்து ஒரு மூலையில் கட்டியாகச் சேர்ந்துவிடும். நம் வெயிலுக்குப் பழைய வேட்டியை இரண்டு மடிப்பாகவோ மெல்லிய ஃபிளானல் துணியையோ நடுவில் வைத்தாலே போதும். மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிச் சுருக்கம் நீக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகப் பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொண்டு, பட்டைகளின் தையல் கோட்டை ஒட்டியே மூன்று அடுக்கையும் சேர்த்துத் தையுங்கள்.

கேள்வி: என்னிடம் தையல் இயந்திரம் இல்லை. கையால் தைக்கலாமா?
— வாசகி, வேலூர்

பதில்: தாராளமாகத் தைக்கலாம். பின்பக்கத்தில் கால் அங்குலக் கோட்டைப் பென்சிலால் வரைந்துகொண்டு, அதன் மேலேயே சிறு ஓட்டுத்தையல் போடுங்கள். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னால் எடுத்து ஒரு பின்தையல் போட்டால் பிரியாது. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள்: நீளமாகத் தைத்துவிட்டுக் குறுக்கே வெட்டினால் கைத்தையல் அவிழ்ந்துவிடும். அதனால் 2½ அங்குல அகலமும் 6½ அங்குல நீளமும் உள்ள துண்டுகளாக முதலிலேயே வெட்டி, மூன்று மூன்றாக இணைத்துச் சதுரமாக்குங்கள். இரு முனையிலும் நூலை முடிந்துவிடுங்கள்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் 'கவந்தி' என்ற போர்வையை முழுவதும் கையாலேயே தைக்கிறார்கள். பழைய புடவையை அடியில் விரித்து, மிச்சத் துணிகளின் ஓரத்தை மடித்து மடித்து, விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணியைப் பூவாக வைத்துத்தான் வேலையை முடிப்பார்கள். துண்டுகளை இணைப்பதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் அதில் ஒரே தையலில் நடந்துவிடுகின்றன. உங்கள் ஓட்டுத்தையல் சீரான பிறகு, ஒரு தலையணை உறை அளவில் அந்த முறையையும் முயன்று பாருங்கள். நீங்கள் விரும்பினால் அதற்கான படிகளை அடுத்த இதழில் எழுதுகிறேன்.